எத்தனை நாள் லீவு போடணும்? கோட்டையூரில் கலைந்த என் நாற்பது அட்டைகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக்குடிக்குப் போனேன். பெரிய வீடுகளைப் பார்க்க இல்லை, வேலைக்காக. பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் ஒரு பொது நிறுவனத்தின் இணையதளத்தில் எதை எங்கே வைப்பது என்று திட்டமிடுவது என் பிழைப்பு. இப்போதைய தளம் நிதிப் பிரிவு, திட்டப் பிரிவு, பொதுப் பிரிவு என்று அலுவலகத்தார் நாற்காலி போட்ட வரிசையிலேயே இருக்கிறது. அதைப் பள்ளி, கல்லூரி என்று பிள்ளைகள் படிக்கும் வகுப்புப்படி மாற்றியிருந்தேன். "ஜனங்க இதுல தேடிக் கண்டுபிடிச்சுக் காட்டட்டும். இல்லேன்னா பழசே இருக்கட்டும்" என்றார் மேலதிகாரி. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை 6.10-க்குப் பேருந்து. சுமார் 90 கிலோமீட்டர், டிக்கெட் 90 ரூபாய், 8.40-க்கு இறங்கினேன். செக்காலைக்கு ஆட்டோ 80 ரூபாய். மடியில் அல்வா டப்பா, அதற்குள் நாற்பது அட்டைகள். ஒவ்வொன்றிலும் தளத்தின் ஒரு பக்கத்தின் பெயர்; ஜனங்களிடம் கொடுத்து இனம் பிரிக்கச் சொல்ல.

"சீட்டாடவா மதுரையில இருந்து வாரீக?" என்றார் ஆட்டோ ஓட்டுநர், நான் அட்டைகளை எண்ணியதைப் பார்த்து.

செக்காலை ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் தாளில் அச்சடித்த என் புது மெனுவை, அதாவது தளத்தின் தலைப்பு வரிசையைக் காட்டி, கல்லூரி உதவித்தொகையைப் புதுப்பிக்கும் பக்கத்தைத் தேடச் சொன்னேன். நான்கு பேர் தேடினார்கள். நான்கு பேரும் கண்டுபிடிக்கவில்லை. நல்லா வேணும் எனக்கு! கடைக்காரர் பாவப்பட்டு, "கோட்டையூர்ல செல்வின்னு ஒருத்தவுக இருக்காக. வாராவாரம் ஏதாச்சும் பேப்பரோட வருவாக. அவுகளைப் பாருங்க" என்றார்.

டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம், பெண்களுக்கு இலவசம். செல்வி அக்கா கட்டட வேலைக்குப் போகிறவர். மகள் திருச்சியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. வீட்டு வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். உதவித்தொகையைப் புதுப்பிக்க மறுநாள் திங்கட்கிழமைதான் கடைசி நாளாம். அன்றைக்கே கண்டனூரில் காங்கிரீட் போடும் வேலை. வராவிட்டால் அந்த வேலை முடிகிறவரை வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

"சிவகங்கை ஆபீசுக்குப் போனா வேலை போயிரும், போகலேன்னா பிள்ளை படிப்பு போயிரும். இதுல அட்டையை வேற நீட்டுறீக" என்றார். இருந்தாலும் வாங்கி, உங்கள் இஷ்டத்துக்குப் பிரியுங்கள் என்று நான் சொன்னபடி பிரித்தார். மூன்றே குவியல். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"இது வீட்ல இருந்தே முடியிறது. இது அரை நாள் லீவு. இது முழு நாளும் போச்சு. வேலைக்குப் போறவளுக்கு வேற என்னத்தங்க முதல்ல தெரியணும்?"

உதவித்தொகை அட்டை முழு நாள் குவியலில் கிடந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அக்கா, இதைப் போன்லயே முடிக்கலாமே!"

"யாரும் சொல்லலையே!"

எப்படிச் சொல்வார்கள்? பழைய தளத்தில் அது பொதுப் பிரிவுக்குள் ஐந்தாவது சொடுக்கில் கிடந்தது. என் அருமையான மெனுவிலும் நான்காவதில்தான். வெட்கமாகப் போயிற்று. மகளைப் போனில் பிடித்து, மதிப்பெண் பட்டியலைப் படமெடுத்து அனுப்பச் சொன்னோம். என் போனிலேயே தளத்தில் ஏற்றினோம். பதினான்கு நிமிடத்தில் "பதிவு செய்யப்பட்டது" என்று பச்சையாக வந்தது. அக்கா அந்த அட்டையை எடுத்து வீட்டுக் குவியலில் ஓங்கி அடித்தார். பிறகு முழு நாள் குவியலை முறைத்துப் பார்த்தார்.

"இதுல இன்னும் எதுக்கெல்லாம் நான் சும்மா அலைஞ்சேன்?"

எண்ணிப் பார்த்தேன். போனிலேயே முடிகிறவை பதினொரு அட்டைகள்.

என் மெனுவை அங்கேயே கிழித்தேன். லீவுக் கணக்கில் மூன்று தலைப்புகளைத் தாளில் எழுதி, நான்கு மணிக்கு அதே தெருவில் ஐந்து பேரிடம் நீட்டினேன். ஐந்து பேரும் உதவித்தொகை இருக்கும் தலைப்பில் ஒரே தடவையில் விரலை வைத்தார்கள்! மேலதிகாரிக்குப் போன் போட்டுக் கத்தினேன். எத்தனை பேர் என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம், "சரி, இதையே போடு" என்றார்.

இதே வேலையாகக் கிளம்புகிறவர்களுக்கு: ஞாயிறு போங்கள், கூலி வேலைக்காரர்கள் அன்றைக்குத்தான் வீட்டில் இருப்பார்கள். பத்து மணிக்குள் போய்விடுங்கள், வெயில் தாங்காது. ஜனங்கள் வைக்கும் பெயரை எழுதிக்கொள்ள, தலைப்பு எழுதாத வெற்று அட்டைகளும் கொண்டுபோங்கள். உங்கள் மெனுவை முதலில் காட்டவே காட்டாதீர்கள், என் மாதிரி மூக்குடைபடுவீர்கள்.

மறுநாள் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அலுவலகத்தில் இருந்தபோது போன் வந்தது. காது கிழியும் இரைச்சல், காங்கிரீட் கலக்கும் மிஷின்.

"நான் எங்குட்டு இருக்கேன் தெரியுதா?" என்று அதற்கு மேல் கத்தினார் செல்வி அக்கா.