பன்னிரண்டில் நின்ற முள்

என் மாமனார் வீடு கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் இருந்தது. அறுபதுகளில் அந்தக் குப்பத்துக்கே ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோதான். அதுவும் அவர் வீட்டில். ஐப்பசி பிறந்துவிட்டால் சாயங்கால வானிலை அறிக்கையைக் கேட்டுத்தான் மறுநாள் கட்டுமரம் இறங்கும். ஒரு வருஷம் ஐப்பசியில், மூன்று மாதம் வரவேண்டிய நான்கு பேட்டரியும் இரண்டு வாரத்தில் செத்துப்போயின. அறிக்கை நேரத்தில் ரேடியோ ஊமையானால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் பௌதிக ஆய்வகத்தில் எனக்கு வேலை. கரண்டு எங்கே போகிறது என்று அளந்து பார்க்க, அங்கே கெஞ்சி வாங்கிய மல்டிமீட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். வழியில் இருபத்திரண்டு இடத்தில் நிறுத்தினான்.

மீட்டரின் இரண்டு முனையையும் என் மச்சான் எடுத்து, புதிதாகப் போட்டிருந்த பேட்டரியில் நேராக வைக்கப் போனான்.

"வைக்காதே, பொசுங்கிடும்! வோல்ட்டுக்குத்தான் அப்படி. கரண்டு பார்க்கணும்னா ஓடுற வழியை அறுத்து, நடுவுல மீட்டரை வைக்கணும்."

"நல்லா பாடுற ரேடியோவ அறுக்கப் போறீங்களா மாமா? அறுத்தா அக்காவ இங்கியே உட்டுட்டுப் போயிடுங்க."

கம்பியைத் தொட விடவில்லை. கடைசியில் ஒரு அட்டைத் துண்டின் இருபுறமும் சிகரெட் பெட்டி ஈயத்தாளை ஒட்டி, பேட்டரிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே செருகினேன். இந்தப் பக்கத் தாளில் ஒரு முனை, அந்தப் பக்கத் தாளில் ஒரு முனை. கரண்டு மீட்டர் வழியாகச் சுற்றிப் போனது. ரேடியோ பாடியது, முள் முப்பதுக்கு மேல் ஆடியது.

"நிறுத்து" என்றேன்.

மச்சான் சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருகினான். சத்தம் அடங்கியது. முள் பன்னிரண்டு மில்லியாம்பியரில் நின்றுகொண்டது.

"நிறுத்தச் சொன்னேனே!"

"நிறுத்திட்டேனே. சத்தம் வருதா?"

"டக்குனு சத்தம் வர வரைக்கும் திருகணும். அப்பத்தான் சுவிட்சு அணையும்."

"அது மட்டும் கூடாது" என்றார் மாமனார். "போன மாசம் டக்குனு நிறுத்தினோம். மறுநா சாயங்காலம் எவ்ளோ திருகியும் வரல. உப்புக் காத்துல உள்ள துரு. அன்னைக்கிப் பாத்து பெருங்காத்து அடிச்சிச்சி. மூணு மரம் கரைக்கு வர்றதுக்குள்ள உசுரு போயி உசுரு வந்துது, மாப்ள."

அதனால் இரவு பகலாக, ஓசையில்லாமல் பேட்டரியைத் தின்றுகொண்டிருந்தது ரேடியோ. சிதம்பரத்துக்குக் கொண்டுபோய் சுவிட்சை மாற்றித் தருகிறேன் என்றேன். ஐப்பசியில் ரேடியோ வாசல் தாண்டாது என்றார்கள். காரணம் கண்டுபிடித்தும் பயனில்லையே என்ற எரிச்சலில் ஈயத்தாளை உரித்தெறிந்தேன். வெறும் அட்டை மட்டும் இடுக்கில் கரண்டை மறித்து நின்றது. முள் பூஜ்யத்துக்கு விழுந்தது.

அட்டையை உருவினால் ரேடியோ உண்டு, செருகினால் இல்லை. துருப்பிடித்த சுவிட்சை யாரும் தொட வேண்டாம். தொலைத்துவிடுவார்களே என்று அட்டையில் ஓட்டை போட்டு, வலை நூலால் ரேடியோ கைப்பிடியில் கட்டினேன்.

சாயங்காலம் மாமனாரே அட்டையை உருவினார். பலத்த காற்று வீசும், கடலுக்குப் போக வேண்டாம் என்றது அறிக்கை. மரங்களை மேலே ஏற்றச் சொல்ல ஓடினார். திரும்பி வந்து, "அட்ட நல்லா வேல செய்து மாப்ள" என்றார்.

"அதுக்கா மாமா இம்மாம் பெரிய மீட்டரத் தூக்கினு வந்தீங்க?" என்றான் மச்சான்.

பன்னிரண்டு மில்லியாம்பியர் என்றேன். யாரும் கேட்கவில்லை.