பிசிறில்லாத படை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு வார்ப்படம் செய்யும் கம்பெனி ஒன்றில் தணிகாசலத்துக்கு முப்பத்து நான்கு வருட சர்வீஸ். என்ன வேலை என்று கேட்டால் பிசிறு எடுப்பது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அச்சிலிருந்து வெளியே வரும் இரும்பில் எதெல்லாம் துருத்திக்கொண்டு நிற்கிறதோ அதையெல்லாம் அரத்தால் ராவி வழவழப்பாக்கி அனுப்ப வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் மயிரிழைப் பிசிறும் அவருக்கு அகப்பட்டுவிடும். அந்த விரல் வீட்டிலும் சும்மா இருக்காது. டம்ளரின் விளிம்பு, கதவுத் தாழ்ப்பாள், மகளைப் பெண் பார்க்க வந்தவன் போட்டிருந்த மோதிரம் என்று எதையும் விடாமல் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். அந்தச் சம்பந்தம் எப்படியோ தப்பிப் பிழைத்து நடந்தது.

ரிடையர் ஆக ஐந்து மாதம் இருக்கையில், ஹெச்.ஆர். மேடம் வயதானவர்களை எல்லாம் ஏ.சி. அறையில் உட்காரவைத்து, 'ஓய்வுக்குப் பின் உற்சாகம்' என்று ஒரு வகுப்பு எடுத்தார். தணிகாசலம் அந்த அறைக்குள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. ஆளுக்கு ஒரு சமோசாவும் ஒரு படிவமும் கொடுத்தார்கள். படிவத்தில் 'உங்கள் பொழுதுபோக்கு' என்று ஒரு கட்டம். பக்கத்தில் இருந்தவர் வாக்கிங் என்று எழுதினார். அடுத்தவர் அதைப் பார்த்து எழுதினார். தணிகாசலத்துக்குப் பொய் எழுத மனசு வரவில்லை. பொழுதை மொத்தமாகக் கம்பெனி எடுத்துக்கொண்ட பிறகு அவர் எதைப் போக்குவது? காலிக் கட்டத்தைப் பார்த்த மேடம், "ஹாபி இல்லாதவங்க ஆறே மாசத்துல படுத்துடுவாங்க சார்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போனார். தணிகாசலம் சமோசாவைத் தொடாமல் அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் கான்டீனில் விமல் எதிரே உட்கார்ந்தான். இருபத்தெட்டு வயது, குவாலிட்டி இன்ஜினியர். அவன் போனில் ஒரு படம். மேஜை நிறையச் சின்ன மலை, சின்னக் கோட்டை, விரல்கடை உயரத்தில் வண்ணம் பூசிய சிப்பாய்கள்.

"இன்னா சார் இது, பொம்மையா?"

"போர் விளையாட்டுணா. ஆளுக்கு ஒரு படை. டேப் வச்சு அளந்து நகர்த்துவோம். பகடை உருட்டிச் சண்டை போடுவோம். வேப்பம்பட்டுல என் ஃபிளாட்ல ஞாயித்துக்கிழமை நாலு பேர் ஆடுறோம். நீங்களும் வாங்களேன். ஸ்டார்ட்டர் செட்டு ஒண்ணு வாங்கிட்டா போதும்."

விமல் சொன்னது வெறும் மரியாதைக்கு. ஆனால் இன்ஜினியர் வாயிலிருந்து வந்த வார்த்தையைத் தணிகாசலம் இதுவரை ஆர்டராகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த மேஜையில் தானும் ஒருத்தனாக உட்கார்ந்து ஒரே ஒரு ஆட்டமாவது ஆடிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். உயிர் பயமும் ஆசையும் சேர்ந்துகொண்டால் அப்புறம் யார் சொல்லிக் கேட்பது?

அடுத்த ஞாயிறு லோக்கல் ரயிலேறிச் சென்னைக்குப் போய், ஒரு பெரிய மாலின் இரண்டாவது மாடியில் கடையைக் கண்டுபிடித்தார். கடைக்காரப் பையன், "பேரனுக்கா சார்?" என்றான்.

"எனக்குத்தான்."

பையன் அலமாரியைக் கையால் காட்டி, "எந்தப் படை சார் வேணும்? இரும்புக் கவச மனுஷங்களா, கொம்பு வச்ச ராட்சசங்களா? ஸ்டார்ட்டர் செட்டுன்னா ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்" என்றான்.

"தொறந்து காட்டுப்பா."

"சீல் உடைக்கக் கூடாது சார்."

"சாம்பிள் பாக்காம சரக்கு எப்டி எட்த்துக்கினு போறது? எங்க கம்பெனியில லாரியவே திருப்பி அனுப்புவோம்."

பத்து நிமிட வாக்குவாதத்துக்குப் பின் மேனேஜரே வந்து, கடையில் காட்சிக்கு வைத்திருந்த சிப்பாய் ஒன்றை அவர் கையில் கொடுத்தார். தணிகாசலம் கண்ணை மூடிக் கட்டைவிரலால் தடவினார். விலாவில் மெல்லிய கோடு ஒன்று தட்டுப்பட்டது. "அச்சு சரியா சேரல. பிசிறு விட்டுகினு கீறான்" என்று தீர்ப்புச் சொன்னார். மேனேஜர் திருதிருவென்று விழித்தார். அந்தப் பிசிறுதான் தணிகாசலத்துக்குப் பிடித்துப்போயிற்று. தன்னை நம்பி வேலை மிச்சம் வைத்திருக்கிறார்களே என்று பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டில் பெட்டியைத் திறந்ததும் மனைவி பிரேமா எட்டிப் பார்த்தாள். "இன்னாய்யா இது, கொலு வைக்கப் போறியா?"

"ஹாபிடி. ஒடம்புக்கு நல்லது."

பிளாஸ்டிக் சட்டங்களில் கையும் காலும் தலையுமாகச் சிப்பாய்கள் தொங்கினார்கள். கூடவே கெட்டியான ஆங்கிலப் புத்தகம் ஒன்று, பக்கத்துக்குப் பக்கம் படத்தோடு. தணிகாசலம் அதைப் பிரிக்கவில்லை. பத்திரமாக பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"அத்தப் பாத்துத்தானே செய்யணும்?" என்றாள் பிரேமா.

"டிராயிங் பாக்குறது சாருங்க வேலை. நம்ம வேலை பிசிறு எடுக்குறது."

முப்பத்து நான்கு வருடம் கம்பெனி அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. ஒரு தடவை வரைபடத்தை எட்டிப் பார்த்ததற்கு மெமோ கூட வாங்கியிருக்கிறார். அப்படிப் பழகிய மனுஷனிடம் ஒரு பெட்டி ராட்சசர்களைக் கொடுத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. கையையும் காலையும் உத்தேசமாகப் பொருத்தி ஒட்டிவிட்டு, ஊசி அரத்தை எடுத்துக்கொண்டு பதினோரு நாள் உட்கார்ந்தார். துருத்திக்கொண்டிருந்தது எதுவும் தப்பவில்லை. கொம்பு போயிற்று. வாள் போயிற்று. ஈட்டிமுனை, துப்பாக்கிக் குழல், கவசத்து முள் எல்லாம் பொடியாகப் போயிற்று. ஒரு ராட்சசனின் மூக்கும் போயிற்று. கடைசியில் இருபத்திரண்டு பேரும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றார்கள். தணிகாசலத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர்களை ஸ்வீட் பெட்டியில் பஞ்சு போட்டு அடுக்கி, பெரியபாளையம் வழியாக வண்டியை விட்டு வேப்பம்பட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். விமலுக்கு அவர் நிஜமாகவே வந்து நின்றதில் முதல் அதிர்ச்சி. பெட்டியைத் திறந்ததும் இரண்டாவது. வள்ளூர் மின் நிலையத்தில் வேலை பார்க்கும் ஸ்டீபன் ஒரு சிப்பாயைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அங்கிள், இவங்க கையில ஒண்ணுமே இல்லயே. பொம்மை கையில என்ன தெரியுதோ அதை வச்சுத்தான் சண்டை போடலாம். அதான் எங்க ரூல்."

தணிகாசலத்துக்கு முகம் செத்துப்போயிற்று. அன்று அவர் ஆடவில்லை. சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். ஆட வந்தவர்களில் ஒருத்தியான நந்தினி மட்டும் ஒரு சிப்பாயை விளக்கடியில் பிடித்துப் பார்த்து, "அய்யோ, அச்சுக் கோடு ஒண்ணு கூட இல்லயே! நான் ஒரு பொம்மைக்கு ரெண்டு நாள் உக்காந்தாலும் இப்படி வராது. என்னோடதையும் செஞ்சு தர்றீங்களா அங்கிள்?" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. நந்தினி ஒரு பெட்டி கொடுத்தாள். பிறகு ஸ்டீபன் இரண்டு கொடுத்தான். எது கொம்பு, எது பிசிறு என்று விமல் மார்க்கரால் கோடு போட்டே கொடுத்துவிட்டான். தணிகாசலம் ரிடையரும் ஆனார். மாலை போட்டு, சால்வை போர்த்தி, சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாளே காலை ஒன்பது மணிக்கு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். பத்து மணிக்கு டீ, ஒன்றுக்குச் சாப்பாடு, ஐந்தரைக்குத்தான் எழுந்திருப்பார்.

"கம்பெனிக்காரன் சம்பளமாவது குட்த்தான்" என்றாள் பிரேமா. அவர் அடுத்த பொம்மையை எடுத்து ராவ ஆரம்பித்தார்.

ஞாயிறு தோறும் செய்த சரக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பார். சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து அவர்கள் ஆடுவதைப் பார்ப்பார். புதுச் சரக்கை வாங்கிக்கொண்டு திரும்புவார். "நானும் ஒரு ஆட்டம்..." என்று இழுத்தால், "கண்டிப்பா அடுத்த வாரம்ணா. முதல்ல அந்த டிராகனை முடிச்சுக் குடுங்க, சென்னையில டோர்னமென்ட் வருது" என்பான் விமல். அந்த அடுத்த வாரம் ஏழு வாரமாக வந்துகொண்டே இருந்தது. நியாயமாகப் பார்த்தால் அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வேலை செய்கிற கை ஒன்று கிடைத்துவிட்டால் அதற்கும் ஒரு ஆசை இருக்கும் என்று நினைக்க மறந்துபோகிறது, அவ்வளவுதான்.

டோர்னமென்ட்டுக்கு முந்தின ஞாயிறு. தணிகாசலம் பழைய ஸ்வீட் பெட்டியோடு மட்டும் வந்தார்.

"டிராகன் எங்கணா?"

"ஊட்ல கீது."

"முடியலையா?"

"முடிஞ்சிச்சி. மொத்த சரக்கும் ரெடி. ஆனா ஒரு பொம்மை கூட ஊட்டத் தாண்டாது. எனக்கு ஒரு ஆட்டம் போடு, அப்புறம் வந்து எட்த்துக்கினு போ."

சொல்லிவிட்டு ஸ்வீட் பெட்டியை மேஜை நடுவில் வைத்தார். கம்பெனியில் எத்தனையோ போராட்டம் நடந்தும் ஒரு நாள் கூட வாசல் கேட்டுக்கு வெளியே நின்றவர் இல்லை. மேஜையில் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணா, உங்க ஆளுங்களால திருப்பி அடிக்கவே முடியாதே" என்றான் விமல், கொஞ்சம் வெட்கத்தோடு.

"வாங்கிக்குவாங்க. அடி தாங்குமான்னு பகடை போடலாமில்ல?"

ஸ்டீபன் புத்தகத்தைப் புரட்டினான். "போடலாம். கவசம் இருக்கு. அடி வாங்குறவர்தான் உருட்டணும்."

விமல் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தான். தணிகாசலம் நிராயுதபாணிகள் இருபத்திரண்டு பேரை இறக்கினார். ஸ்டீபனின் படை நாலாபக்கமும் வெளுத்து வாங்கியது. ஒவ்வொரு அடிக்கும் தணிகாசலம் பகடையை இரண்டு கையிலும் குலுக்கி, கண்ணை மூடி உருட்டினார். சிலர் விழுந்தார்கள். சிலர் நின்றார்கள். மூக்கில்லாத ராட்சசன் மட்டும் ஆறு அடி வாங்கியும் அசையவில்லை. நந்தினி கைதட்டினாள். "நில்றா, என் ராஜா!" என்று தணிகாசலம் போட்ட சத்தத்தில் பக்கத்து ஃபிளாட்காரர் வந்து எட்டிப் பார்த்தார். ஏழாவது அடியில் அவனும் சாய்ந்தான்.

"தோத்துட்டீங்க அங்கிள்" என்றான் ஸ்டீபன் தயங்கித் தயங்கி.

தணிகாசலம் எழுந்தார். யார் எத்தனை ஆட்டம் ஜெயித்தார்கள், தோற்றார்கள் என்று சுவரில் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். நாலு பெயர் இருந்தது. மார்க்கரைக் கேட்டு வாங்கி, அவற்றுக்குக் கீழே தன் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். ஜெயித்தது என்ற இடத்தில் சைபர் போட்டார். தோற்றது என்ற இடத்தில் பெரிதாக ஒன்று போட்டு, மை காயும் வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.