கடலுக்குள் போன பந்து

தேசிய உதைபந்தாட்ட அணியின் பயிற்சி முகாமில் எனக்கு இடதுபக்கப் பின்வரிசை. தகுதிகாண் போட்டிகளுக்கான இறுதி அணியைத் தெரிவுசெய்வதற்கு முன் எங்களைச் சில நாள் வீட்டுக்கு விட்டார்கள். புறப்படும்போது வெளிநாட்டுப் பயிற்சியாளர் என்னைத் தனியே நிறுத்தினார். எதிர் ஓரத்தில் நிற்கும் நம் ஆளுக்குப் பந்தை உயர்த்தி அடிக்கச் சொன்னால், ஒவ்வொரு முறையும் ஏன் நிலத்தோடு உரசி அடிக்கிறாய் என்று கேட்டார். அந்த அடி வராவிட்டால் அணியில் இடமில்லை என்றும் சொன்னார். காலில் பலம் இருந்தது. ஏன் உயரவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

எங்கள் கடற்கரை ஊரான குருநகரில் அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். முகாமில் என்னதான் பழக்குகிறார்கள் என்று விசாரித்தார். எங்கள் ஓட்டத்தைப் படம்பிடித்துப் போட்டுப் பிழை காட்டுவதையும், சோற்றைக்கூடத் தராசில் நிறுத்துத் தருவதையும் விளக்கினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான். எதையும் கொஞ்சம் கூடுதலாகவே விளக்குவேன்.

"பந்தடிக்கவும் படிப்போ? அப்ப உதுக்கு மார்க்ஸ் போடுறது ஆர்?" என்றார்.

பின்னேரம் கோயிலடி மைதானத்துக்குப் போனேன். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் கடல். இறங்கி விளையாடாமல் ஓரத்தில் நின்று பார்த்தேன். ஒருவனின் பந்தும் முழங்காலுக்கு மேலே எழவில்லை. கடைசியில் ஒரு பந்து தப்பிக் கடலுக்குள் விழுந்தது. அடித்தவன் முணுமுணுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். மற்றவர்கள் இன்னொரு பந்தோடு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அவன் திரும்பும்வரை அவன் அணியில் ஓர் ஆள் குறைவு. கடலுக்குள் அடித்தவனே போய் எடுக்க வேண்டும்; சின்ன வயதிலிருந்து நானும் விளையாடிய சட்டம்தான். அது என் காலுக்குள் இருப்பதை அன்றுதான் கண்டேன்.

இறங்கி, வேண்டுமென்றே உயர்த்தி அடித்தேன். கடல். பயிற்சியாளர் சொன்னதைச் சொல்லி, எனக்காக இந்தச் சில நாள் சட்டத்தை விடுங்கள் என்று கேட்டேன். என்னோடு படித்த கோல்காப்பாளன் இடுப்பில் கை வைத்தான்.

"நேஷனல் டீம் எண்டவுடனை கடல் வத்திப்போமோ? நீதானை அடிச்சனி, நீயே போய் எடு."

போனேன். ஒவ்வொரு பின்னேரமும் அதே வேலை. ஒன்று மட்டும் பிடிபட்டது: பந்து விழுந்தபின் ஓடினால் நீரோட்டம் அதை இழுத்துவிடும். காலில் பட்டவுடனேயே, அது எங்கே விழும் என்று பார்த்து ஓடத் தொடங்க வேண்டும். போகப் போக, கடலில் விழுவது குறைந்தது.

முகாமுக்குத் திரும்பியதும் பயிற்சி ஆட்டம். பந்தை உயர்த்தினேன். அது மைதானத்தைக் கடந்து, எதிர் ஓரத்தவனின் காலடியில் இறங்கியது. அப்போது நான் பாதி மைதானம் ஓடியிருந்தேன். யாருடைய காவலும் இல்லாமல் வந்த என்னைக் கண்டு அவன் திருப்பித் தந்தான். அதை நிலத்தோடு உரசி அடித்தேன். கோல்.

அணியில் என் பெயரும் வந்தது. போட்டிக்குப் புறப்பட்ட பேருந்தில் பயிற்சியாளர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். அடி சரி, ஆனால் பந்துக்குப் பின்னால் ஓட யார் சொன்னது என்று கேட்டார். எடுத்துவரத்தான் ஓடினேன் என்று சொல்லி, எங்கள் சட்டத்தை விளக்கினேன். அந்தக் கடல் எவ்வளவு ஆழம் என்றார் அவர்.

முழங்கால் அளவுதான், ஆனால் சேறு என்றேன்.