டெல்ரோஸ் சொன்னால் சொன்னதுதான்

டெல்ரோஸ் பின்னக் மருந்தியல் கல்லூரி நேர்காணலுக்கு இரண்டு முறை போய், இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பியவள். மதிப்பெண்ணில் குறையில்லை. தலைநகர் கிங்ஸ்டனில் தேர்வுக் குழுவின் மூன்று பேர் முன்னால் உட்கார்ந்ததும் மனப்பாடம் செய்ததைப் பள்ளிப் பிள்ளை மாதிரி ஒப்பிப்பாள். நடுவில் ஒரு வரி விட்டுப்போனால் போச்சு, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வயது முப்பத்தெட்டு. இந்த மூன்றாவது தடவையும் தவறினால் ஆசையை மூட்டை கட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

செயின்ட் மேரி பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே அரசு சுகாதார நிலையத்தில் பதினோரு வருடமாக மருந்து ஜன்னலுக்குப் பின்னால் உதவியாளராக நிற்பவள் அவள். மருந்தாளர் எந்நேரமும் சீட்டும் கையுமாக உள்ளே இருப்பார். ஜனங்கள் சந்தேகம் கேட்பதெல்லாம் டெல்ரோஸிடம்தான்.

நேர்காணலுக்கு நாலு நாள் முந்தி, சனிக்கிழமை, தங்கை இவனெட்டின் பார்லரில் ஒத்திகை நடந்தது. இவனெட் ஒரு பக்கம் மிஸ் யூலலிக்குச் சடை பின்னிக்கொண்டே, மறுபக்கம் பேராசிரியை வேஷம் கட்டினாள். மிஸ் யூலலி சந்தையில் அக்கிப் பழம் விற்பவள். அவள் வாய்க்குப் பயந்து கவுன்சிலரே வேறு தெருவழியாகப் போவார்.

“மிஸ் பின்னக், உங்ககிட்ட இருக்கிற பெரிய குறை என்ன?”

“நான் ஓய்வே இல்லாம உழைப்பேன், மேடம். அதுதான் என் குறை.”

“அடி ஆத்தாடி! வீட்டுல ஒரு தட்டு கழுவுனதில்ல, இவ ஓய்வே எடுக்க மாட்டாளாம்! அக்கா, இதக் கேட்டா அவங்க சிரிச்சே செத்துடுவாங்க.”

மிஸ் யூலலியும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்தவள் சட்டென்று நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

“தலை சுத்துது பொண்ணு. டாக்டர் பிரஷர் மாத்திரைய ஏத்துனதுலேருந்து இப்படித்தான். ரெண்டு தடவ ஏத்திட்டாரு.”

“எதுக்கு ஏத்துனாரு?” என்றாள் டெல்ரோஸ். “மாத்திரைய ஒழுங்கா போடுறீங்களா, இல்லையா?”

“ஒரு நாள் விட்டதில்ல. ஆனா கிளினிக்ல பார்த்தா மட்டும் பிரஷர் எகிறிக்கிட்டு நிக்குது.”

“கிளினிக் அன்னைக்கும் போடுறீங்கதானே?”

“அன்னைக்கு எப்படிப் போட முடியும்? முந்தின ராத்திரி மாத்திரையும் கிடையாது, காலை மாத்திரையும் கிடையாது. தினம் குடிக்கிற செரசி இலைக் கசாயம்கூடத் தொடுறதில்ல.”

“யாரு அப்படிச் சொன்னது?”

மிஸ் யூலலி கண்ணைத் திறந்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “நல்லா இருக்கு! நீதானே சொன்ன? கிளினிக்குன்னா ராத்திரிலேருந்து வாயில எதுவும் வைக்கக் கூடாதுன்னு. ரத்தம் எடுத்தாலும் சரி, எடுக்காட்டியும் சரி, நான் ஒண்ணும் வைக்கிறதில்ல. டெல்ரோஸ் சொன்னா சொன்னதுதான்.”

பொய்யில்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வந்த ஒவ்வொருவரிடமும் அதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருந்தாள். ‘பிரஷர் மாத்திரையை மட்டும் ஒரு வாய் தண்ணீரோடு போட்டுக்கொள்ளுங்கள்’ என்று ஒரு தடவைகூடச் சேர்த்துச் சொன்னதில்லை. அது அவர்களுக்கே தெரியும் என்று நினைத்துவிட்டாள்.

மாத்திரை போடாத நாளில் பார்த்த பிரஷரை வைத்து டாக்டர் அளவை ஏற்ற, மற்ற நாளில் அது மிஞ்சிப்போய்த் தலை சுற்றுகிறது என்று டெல்ரோஸுக்குப் புரிந்தது. பயம் பாதி, மீதி பிரமிப்பு. உப்பைக் குறை என்று சுவரில் படம் ஒட்டியாகிவிட்டது, வானொலியில் கத்தியாகிவிட்டது, ஒரு ஆள் காதில் போட்டுக்கொண்டதில்லை. ஆனால் ஜன்னல் வழியாக அவள் போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தைக்கு, யாருக்கும் அடங்காத இந்தப் பெண்பிள்ளை தாகத்தையும் அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். மாத்திரையை விட டெல்ரோஸின் பேச்சு உள்ளே போய் வேலை செய்திருக்கிறது.

திங்கட்கிழமை மிஸ் யூலலியைக் கையோடு டாக்டரிடம் கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னாள். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். சீட்டைத் திருத்தி எழுதினார். அன்றும் மறுநாளும் ஜன்னலுக்கு வந்த பிரஷர்காரர்கள் எல்லாரையும் டெல்ரோஸ் கேட்டுப்பார்த்தாள். நாற்பத்து மூன்று பேரில் பத்தொன்பது பேர் கிளினிக் அன்று மாத்திரையைத் தொடுவதில்லை. அத்தனை பேரிடமும் ஒரே பதில்தான்: நீதானே சொன்னாய்.

“அங்க போய் இத உளறி வைக்காத. இருக்கிற வேலையும் போயிடும்” என்று இவனெட் பஸ் ஏற்றும்போது கூடச் சொல்லி அனுப்பினாள்.

புதன்கிழமை மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் டாக்டர் லிண்டோ. சிரிப்பே அறியாத முகம், போன இரண்டு முறையும் இவளைத் திருப்பி அனுப்பியவர். அவர்தான் கேட்டார், பெரிய குறை என்ன என்று. மனப்பாடம் செய்த விடை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. டெல்ரோஸ் அதை விழுங்கிவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

“பதினோரு வருஷமாவா?” என்றார் ஓரத்தில் இருந்தவர்.

“ஆமா சார். எத்தனை பேருன்னு எனக்கே தெரியாது.”

“இதச் சொன்னா இடம் கிடைக்காமப் போகலாம்னு யோசிக்கலையா?”

“யோசிச்சேன் சார். என் வாய்ச்சொல்லுக்கு இவ்வளவு பலம் இருக்குன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. அத வச்சுக்கிட்டு என்ன செய்யணும்னு தெரியல. அதப் படிக்கத்தான் வந்திருக்கேன்.”

யாரும் எதுவும் எழுதவில்லை. டாக்டர் லிண்டோ பேனாவை மூடினார். வெளியே காத்திருக்கச் சொன்னார். இடம் கொடுத்து வந்த கடிதம் மூன்று வாரம் கழித்துத்தான் கைக்கு வந்தது. அன்றைக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபோது, எல்லாம் முடிந்தது என்றுதான் டெல்ரோஸ் நினைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் லிண்டோ போனோடு வராந்தாவுக்கு வந்தார். பெஞ்சில் ஆள் இருப்பதைக்கூடக் கவனிக்கவில்லை.

“அம்மா, நாளைக்குக் கிளினிக்தானே? காலையில பிரஷர் மாத்திரை போட்டுக்குவீங்கல்ல?... ஏன் போட மாட்டீங்க?... யாரும்மா அப்படிச் சொன்னது?”

பதிலைக் கேட்டதும் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

“நானா?” என்றார். “நானாம்மா சொன்னேன்?”