அரங்கத் தரைக்கு ஊற்றிய தண்ணீர்

அரங்கத்தின் பின்வாசலை விட்டு வெளியே வந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. தோளில் பை, கையில் செருப்பு. வாசலைத் தாண்டும்போதே வார் அறுந்துவிட்டது. நின்று தைத்துக்கொள்ள மனம் வரவில்லை. புனேயின் கேம்ப் கடைவீதியில் சாயங்காலக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. அக்டோபர் வெயில் நாலரை மணிக்கும் தார்ச்சாலையில் மிச்சமிருந்ததால் உள்ளங்கால் சுட்டது. ஸ்டேஷனைப் பார்த்து நடந்தேன்.

என்னை யாரும் விரட்டவில்லை. மூன்று நாளாக விடியற்காலையில் நான் செய்த காரியம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அது தெரியவரும்போது நான் சோலாப்பூரையோ அதற்கும் அப்பாலோ போய்ச் சேர்ந்திருப்பேன் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

எனக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. தர்மபுரியிலிருந்து கிளம்பிய பிறகு ஒரே ஊரில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்ததும் இல்லை. ஓர் இடத்தில் ஏதாவது கெட்டுப்போனால், என்னால் கெட்டதோ பிறரால் கெட்டதோ, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். பெரிதாக யோசித்துச் செய்வதில்லை, பழகிவிட்டது. புனேவில் முதலில் வாகட் பக்கம் அடுக்குமாடிகள் எழுப்பும் இடத்தில் இருந்தேன். தண்ணீர் ஊற்றுவதுதான் வேலை. புதிதாகப் போட்ட கான்கிரீட் சீக்கிரம் காய்ந்தால் வெடித்துவிடும் என்பதால் காலையும் மாலையும் குழாயைப் பிடித்து நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊரில் க்யூரிங் என்பார்கள், இங்கே தராயி. தகரக் கொட்டகையில் படுத்து, இரண்டு முறை மலேரியாவில் விழுந்து எழுந்து, இருபது மாடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு நாள் ஊற்றாமல் விட்டாலும் எஞ்சினியர் என் அம்மா அப்பாவையும் சேர்த்துத் திட்டுவார். கட்டடம் முடிந்தது, வேலையும் முடிந்தது.

அப்படித்தான் வேலை கேட்டுக் கேம்ப்புக்கு வந்தேன். அங்கே ஊருக்கு நடுவில் ஒரு பழைய உள்ளரங்கம். பகலில் குத்துச்சண்டையும் பாட்மிண்டனும் நடந்த இடம். ராத்திரியில் நாற்காலிகளைப் போட்டால் அதுவே கச்சேரி மண்டபம். தகரக் கூரை, சுற்றிலும் இரும்புத் தூண்கள், மூன்று பக்கம் படிப்படியாக ஏறும் கேலரி, ஒரு பக்கம் மேடை. பல வருடம் ஒழுகிய கூரையின் கீழே மூடிக் கிடந்ததை இப்போது புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்று அரைகுறை இந்தியில் வேலை கேட்டேன். மேலே சாரத்தில் நின்றிருந்த ஒரு பெண்மணி எட்டிப் பார்த்தார்.

"தமிழா?"

"ஆமாங்க மேடம்."

"கபூதர்னா பயமா?"

"புறாவுங்களா? அதுக்கு என்னங்க பயம்."

"அப்போ கேலரிக்குப் போங்க. இருபது வருஷத்து... அது பேரு என்ன தமிழ்ல? புறா போடுமே?"

"எச்சங்க."

"ஹாங், எச்சம். எல்லாம் எடுங்க. மாஸ்க் இல்லாம தொடாதீங்க."

தரை வேலை முழுவதும் அவர் பொறுப்பு. இதே புனேவில், வானவடியில் பிறந்து வளர்ந்தவர், அப்பா ராணுவத்தில் இருந்தவர். அவருடைய தமிழ் வீட்டை விட்டு வெளியே வராத தமிழ். கட்டட வேலைக்கு வேண்டிய சொற்கள் அதில் கிடையாது. பாதி வாக்கியத்தில் இந்திக்குத் தாவி, நான் விழிப்பதைப் பார்த்ததும் திரும்பி வருவார்.

இரண்டு வாரம் கேலரியில் எச்சம் சுரண்டினேன். சுரண்டிக்கொண்டே கீழே நடப்பதைப் பார்த்தேன். நான் பார்த்த கட்டட வேலைகளிலெல்லாம் பழையதை உடைத்து லாரியில் ஏற்றுவதுதான் முதல் வேலை. இங்கே எதையும் சட்டென்று உடைக்கவில்லை. கூரையில் கயிறு கட்டித் தொங்கிய இரண்டு பேர் துருப்பிடித்த போல்ட்டை ஒன்று கழற்றினால் அந்த இடத்தில் புதியதைப் போட்டு முறுக்கிய பிறகுதான் அடுத்ததைத் தொட்டார்கள். சாயங்காலம் வேலை நின்றதும் மேடம் மண்டபத்தின் நடுவில் நின்று ஒரு தட்டு கைதட்டுவார். நாலடி தள்ளிப்போய் இன்னொரு தட்டு. எதிரொலி எங்கிருந்து வருகிறது என்று கேட்டு நோட்டில் குறிப்பார். கச்சேரி நடக்கும்போது பின்வரிசைக்காரனுக்கும் பாட்டு குழறாமல் கேட்க வேண்டும் என்பதற்காக அது. ஆளில்லாத மண்டபத்தில் ஒருவர் தனக்குத்தானே கைதட்டுவதைப் பார்த்து முதலில் சிரித்தேன். இரண்டாம் வாரம் நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

எல்லாவற்றையும் விடப் பெரிய காரியம் தேக்குப் பலகைத் தரை. பழைய பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அடிப்பக்கத்தில் சுண்ணக்கட்டியால் எண் எழுதி, கேலரிக்குக் கீழே அடுக்கி வைத்திருந்தார்கள். மேடைப் பக்கத்து முதல் பலகை ஒன்று, வாசல் பக்கத்துக் கடைசிப் பலகை ஆயிரத்தைத் தாண்டிய ஓர் எண். அந்த வேலைக்குத் தலைவர் ஒரு மராட்டியத் தச்சர். எல்லோரும் அவரைக் காகா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிட்டார்கள். அவர் தெற்கத்தி ஆள் யாரைக் கண்டாலும் 'அண்ணா' என்பார், அவரைவிடப் பதினைந்து வயது சின்னவனான என்னையும். விரல் முட்டியால் பலகையைத் தட்டிக் கேட்பார், சத்தம் மழுங்கியிருந்தால் தனியே வைப்பார். அப்படி ஒதுக்கியது கொஞ்சம்தான். பலகைகளுக்குக் கீழே இற்றுப்போயிருந்த தளத்தை உடைத்து, மழைக்காலத்தில் புதுக் கான்கிரீட் போட்டிருந்தார்கள். அது நான் வருவதற்கு முன்பே முடிந்திருந்தது.

நாலு நாளைக்கு முன் மேடம் என்னைக் கீழே இறக்கினார். "ராத்திரி இங்கயே படுங்க, பலகைக்குக் காவல். காலைல தரையைப் பெருக்கிடுங்க. ஒரு தூசி இருக்கக் கூடாது."

பெருக்கினேன். பெருக்கும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு பெரிய புதுத் தளம், நான் வந்த நாளிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. இத்தனை கவனமான மனுஷர்கள் இதில் மட்டும் இப்படிக் கோட்டை விட்டுவிட்டார்களே என்று நினைத்தேன். மேடைக்குப் பக்கத்தில் குழாய் இருந்தது, ரப்பர் ஹோஸும் இருந்தது. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஹோஸ் எட்டும் வரைக்கும் நன்றாக ஊற்றினேன். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். அக்டோபர் காற்றுக்கு ஒன்பது மணிக்கெல்லாம் தரை வெளுத்துவிடும். ஆட்கள் வரும்போது ஒன்றும் தெரியாது. சொல்லிக் காட்டாமல் நல்லது செய்கிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

மூன்றாம் நாள் மத்தியானம் அரங்கத்து நிர்வாக அதிகாரி வந்தார். அவருக்கு இந்தப் பலகை வேலையில் பொறுமை தீர்ந்திருந்தது. நீலநிறப் பிளாஸ்டிக் விரிப்பு ஒரு பெரிய சுருளாக வாசலில் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தது. மேடத்துக்கு அவர் கொடுத்த கடைசிக் கெடு மறுநாள் பதினோரு மணி. அதற்குள் பலகை இறங்க ஆரம்பிக்கவில்லை என்றால் தளத்தின் மேல் விரிப்பை ஒட்டிவிடுவார்கள், தேக்கு ஏலத்துக்குப் போய்விடும். மேடம் தயங்கவே இல்லை.

"நாளைக் காலை ஆரம்பிக்கிறோம் சார். இரண்டு மாதமாக இந்தத் தரை ஒரு சொட்டுத் தண்ணீர் பார்க்கவில்லை. போன வாரம் சோதித்தாயிற்று, நன்றாகக் காய்ந்திருக்கிறது" என்று இந்தியில் சொன்னார்.

காய்வது ஏன் அவ்வளவு முக்கியம் என்று அதிகாரி கேட்டார். காகா ஒதுக்கி வைத்திருந்த பலகை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். ஒழுகிய மூலையில் கிடந்த பலகை அது. இரண்டு ஓரமும் மேலே எழும்பி, நடுவில் தண்ணீர் நிற்கும்படி வளைந்திருந்தது.

"கீழே ஈரம் இருந்தால் மரம் அடியிலிருந்து குடிக்கும் சாஹேப். ஆறே மாதத்தில் பொரித்த அப்பளம்தான்."

விளக்குமாற்றோடு தூண் ஓரத்தில் நின்றிருந்தேன். கான்கிரீட்டுக்குத் தண்ணீர் வேண்டிய காலம் ஒன்று, வேண்டாத காலம் ஒன்று என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. வாகடில் நான் ஊற்றிய தளத்தின் மேல் டைல்ஸ்தான் வந்தது, மரம் வரவில்லை. நாலு மணிக்குப் பையை எடுத்தேன்.

ஸ்டேஷனில் சோலாப்பூர் பக்கம் போகும் வண்டிக்கு ஒரு மணி நேரம் இருந்தது. வெளியே டீ குடித்தேன். இதைவிடப் பெரிய நஷ்டங்களை விட்டுவிட்டு நான் வந்திருக்கிறேன், திரும்பிப் பார்த்ததில்லை. இந்த முறை அது முடியாமல் போனதற்கு நல்ல மனசு காரணமென்று சொன்னால் பொய். ஆயிரம் பலகைக்கு எண் எழுதியவர்கள் அதையெல்லாம் என் ஈரத்தின் மேல் ஆணியடித்து இறக்கப்போகிறார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் ஆறு மாதம் கழித்து அது அப்பளமாகும். அன்றைக்கு அதிகாரி முன்னால் நிற்கப்போவது மேடம். எதனால் ஆயிற்று என்று அவருக்குத் தெரியவே தெரியாது. கைதட்டிக் கேட்டுக் குறித்துவைக்கிற ஒருவர் காரணம் தெரியாமல் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. டீ கிளாஸை வைத்துவிட்டு வந்த வழியே நடந்தேன்.

ஏழு மணி இருக்கும். மேடைப் படியில் மேடமும் காகாவும் வடாபாவ் தின்றுகொண்டிருந்தார்கள்.

"எங்க போனீங்க? செருப்பு எங்க?"

"அறுந்துபோச்சு மேடம். நான் இந்தத் தரைக்குத் தண்ணி ஊத்திட்டேங்க."

"எப்போ?"

"மூணு நாளா. காலைல அஞ்சு மணிக்கு."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "ஏன்?"

"புது கான்கிரீட்டுங்களே மேடம். யாரும் ஊத்தலையேன்னு..."

காகா என்னவென்று கேட்டார். மேடம் இந்தியில் சொன்னதும் அவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"அரே அண்ணா! மரம் போடுற தரைக்கு தராயியா? இன்னும் பத்து நாள் ஊத்தியிருந்தா பலகை தானா முளைச்சிருக்கும், எனக்கு வேலையே இல்ல!"

மேடம் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "திட்டறதுக்கு இப்போ டைம் இல்ல. நாளைக்குப் பதினொரு மணிக்கு மேல உட்கார்ந்து திட்டறேன். எதுவரைக்கும் ஊத்தினீங்க? நடந்து காட்டுங்க."

ஹோஸ் எட்டிய எல்லை எனக்கு நன்றாக நினைவிருந்தது. மேடையிலிருந்து மூன்றாவது தூணைத் தாண்டி அது வராது. வளைந்து வளைந்து நடந்தேன், அவர் பின்னாலேயே குனிந்து சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டு வந்தார். பிறகு மூன்று பேருமாகக் கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் முழநீளப் பிளாஸ்டிக் தாள்களை வைத்து, நாலு ஓரத்தையும் தரையோடு டேப்பால் ஒட்டினோம். தரைக்குள் ஈரம் இருந்தால் காலையில் தாளின் அடியில் வேர்த்திருக்கும். போன வாரம் அவர் செய்த சோதனையும் இதுதானாம்.

"நீங்க போய்த் தூங்குங்க" என்றார். கிளம்பும் முன் நின்று, "ஹோஸை நான் எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

காலை ஆறு மணிக்கு வந்துவிட்டார், காகாவும் கூட. தாள்களை ஒவ்வொன்றாக உரித்தோம். கோட்டுக்கு உள்ளே இருந்த தாள்களில் முத்து முத்தாக நீர். அதைப் பார்க்கவே எனக்குக் கூசியது. கோட்டுக்கு வெளியே முதல் தாள் காய்ந்திருந்தது. இரண்டாவதும். வாசல் வரைக்கும் அத்தனையும் காய்ந்தே இருந்தன. மேடம் கடைசித் தாளைக் கையில் பிடித்தபடி மேடையையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காகா, வாசல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம். ஈரமான பக்கம் தீபாவளிக்கு அப்புறம்."

"உல்டாவா?" காகாவுக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு பலகைக்கும் ஓர் ஓரத்தில் நாக்கு, மறு ஓரத்தில் அடுத்த பலகையின் நாக்கு புகும் பள்ளம். மேடைப் பக்கத்திலிருந்து வந்தால் ஆணி சுலபமாக இறங்கும், எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் ஒவ்வொன்றும் மல்லுக்கட்டு. ஒரு பலகையைப் புரட்டிப் பார்த்தார், பள்ளத்தில் விரல் விட்டுப் பார்த்தார். "ஆகும். மெதுவா ஆகும். ஆனா அடுக்கைப் பாருங்க மேடம். ஒண்ணாம் நம்பர் மேல இருக்கு. நமக்கு வேண்டிய பலகையெல்லாம் அடியில கிடக்கு. என் ஆளுங்க ஒன்பது மணிக்குத்தான் வருவாங்க."

"நான் புரட்டறேன்" என்றேன். அந்த வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை.

பலகை பத்தடி நீளம். தனியாகத் தூக்கினால் முனை தரையில் இடித்து நாக்கு உடைந்துவிடும் என்று காகா கத்தினார். மேடம் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தார். "பேசாம தூக்குங்க." தூக்கினோம். ஒன்றாம் எண் கீழே போயிற்று, அதன் மேல் இரண்டு, அதன் மேல் மூன்று. ஒன்பது மணிக்கு ஆட்கள் வந்து அவர் கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டார்கள். நான் என் முனையைக் கொடுக்கவில்லை.

பதினோரு மணிக்கு அதிகாரி வந்தபோது வாசல் பக்கத்தில் மூன்று வரிசை இறங்கியிருந்தது. ஏன் இந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்டார். அந்தப் பக்கம் ஈரம் இருக்கிறது, காயட்டும் என்றார் மேடம், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகை மேல் இரண்டடி நடந்து பார்த்தார். பிறகு வெளியே போய், விரிப்புச் சுருளைத் திரும்ப லாரியில் ஏற்றச் சொல்லும் குரல் கேட்டது. நான் நின்று கேட்கவில்லை. காகா அடுத்த எண்ணைக் கூவிவிட்டார், அந்தப் பலகை இன்னும் நாலு பலகைக்கு அடியில் கிடந்தது.