எய்லாவின் பதினேழாவது பெட்டி

எய்லா நியெமியின் இடது கை மேலங்கிப் பைக்குள் இருக்கிறது. வலது கையில் ஒரு மரக்குச்சி, சீனக் கடையில் நூடுல்ஸோடு கொடுத்தது. கரண்டு ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்குள் அந்தக் குச்சியை விட்டு, ஈயத்தை உருக்கிச் சால்டர் வைத்த ஒவ்வொரு முனையையும் டொக் டொக்கென்று தட்டுகிறாள். எங்காவது சரியாக ஒட்டவில்லை என்றால் ஸ்பீக்கர் கரகரக்கும். பெட்டி திறந்திருக்கும்போது ஒரு கைதான் உள்ளே போகலாம் என்பது அவள் வீட்டுச் சட்டம். "ரெண்டு கையும் விட்டா கரண்டு நெஞ்சு வழியா நடந்து போகும். ஒரு கைன்னா விரலைக் கடிச்சுட்டு விட்டுரும்" என்பாள்.

கனடாவின் தண்டர் பே நகராட்சியில் முப்பத்தொரு வருஷம் சிக்னல் விளக்குகளைப் பழுதுபார்த்தவள். எச்சில் துப்பினால் தரையில் விழுமுன் உறையும் குளிரில், ஏணி வண்டியில் நின்று ஒயர் திருகிய விரல்கள். ஓய்வு கொடுத்து அனுப்பியபோது விரல்கள் மட்டும் ஓயவில்லை. ஆம்ப்ளிஃபயர் கட்ட ஆரம்பித்தாள். எல்லாம் குட்டி குட்டியாக: பிஸ்கட் டப்பாவில் ஒன்று, தூண்டில் சாமான் பெட்டியில் ஒன்று, செத்துப்போன டோஸ்டரின் வயிற்றுக்குள் ஒன்று. "ஒரு ரொட்டியை விடப் பெரிசா இருந்தா அது ஆம்ப்ளிஃபயர் இல்ல, பீரோ!"

பெட்டியில் இடது காதுக்கான பாதியும் வலது காதுக்கான பாதியும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதில் அவளுக்கு இருப்பது பிடிவாதம் இல்லை, பைத்தியம். கரண்டை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் இருபது வேண்டுமென்றால் நூறு வாங்குவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்து, ஜோடி சேர்த்து, கேக் சுடும் தட்டின் குழிகளில் போட்டுவைப்பாள். காபி ஆறிப்போகும். ஒரு பக்கத்துச் சத்தம் மறு பக்கத்துக்கு ஒரு சொட்டுக்கூடக் கசியக் கூடாது. கசிந்தால் அன்றைக்கு வீட்டில் யாரும் அவளிடம் வாய் கொடுக்க முடியாது.

மாதத்தின் முதல் ஞாயிறு, ஊரில் குடியேறிய பின்லாந்துக்காரர்களின் ஃபின்னிஷ் மன்றத்து நிலவறையில் இவளைப் போன்ற ஏழெட்டுப் பேர் தாங்கள் கட்டிய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஏலக்காய் ரொட்டியும் காபியுமாகச் சண்டை நடக்கும். அங்கே எழுதாத விதி ஒன்று உண்டு. புதுப் பெட்டியை முதலில் கேட்பது கட்டியவராக இருக்கக் கூடாது. வேறொருவர் ஹெட்போனில் கேட்டுச் சொல்ல வேண்டும். எய்லா சொல்லும் காரணம் இது: "பெத்தவகிட்ட போய் புள்ள லட்சணமா இருக்கான்னு கேப்பாங்களா?"

அவளுடைய பெட்டிகளுக்கு அந்த வேறொருவர், புருஷன் ரெய்னோ. துறைமுகத் தானியக் கிடங்கில் உழைத்து ஓய்ந்தவர், சனிக்கிழமை நடனங்களில் துருத்திபோல இழுத்து வாசிக்கும் அக்கார்டியன் வாசித்தவர். பதினாலு பெட்டிகளை முதலில் கேட்டது அவர் காதுதான். பதினைந்தாவதுக்கு "அப்புறம் பாக்கலாம்" என்றார். பதினாறாவதுக்கு எழுந்தே வரவில்லை. நடனத்துக்குப் போவதும் நின்றது, அக்கார்டியன் கட்டிலுக்கு அடியில் போனது. கேட்டால், "பாட்டெல்லாம் கேட்டாச்சு, போதும்" என்று ஒரே பதில். இரண்டு வருஷமாக வீட்டில் அவர் உண்டு, ஜன்னல் உண்டு.

எய்லாவுக்கு அது வலித்தது. பதினேழாவது பெட்டியை அவள் மன்றத்துக்காகக் கட்டவில்லை. அந்த மனுஷனை ஜன்னலிலிருந்து திருப்பிக் கொண்டுவரக் கட்டினாள். கிடங்குக்கு அவர் எடுத்துப்போன பழைய சாப்பாட்டு டப்பாவையே கூடாக எடுத்துக்கொண்டாள். ஆறு வாரம் ஆனது. போட்டுக் காட்டுவதற்கு ஒரு கேசட்டையும் தேடி வைத்தாள்.

அந்தக் கேசட்டில் ரெய்னோ வாசிக்கிறார், அவருடைய தம்பி வெய்கோ பாடுகிறான். மன்றத்து நண்பர் கோர்டி தன் வீட்டுக் கார் கொட்டகையில் பதிவு செய்தது. ஒருவர் சத்தம் மற்றவர் மைக்கில் ஏறக் கூடாதென்று நடுவில் ஒரு மெத்தையை நிறுத்தி, இடது மைக்கில் அக்கார்டியனையும் வலது மைக்கில் குரலையும் பிடித்திருந்தார். வெய்கோ போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு யாரும் அதைப் போடவில்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, பட்டாணி சூப் சாப்பிட்டு முடித்த கையோடு, டப்பாவை மேஜையில் வைத்தாள். "வெய்கோ கேசட்டு" என்று மட்டும் சொன்னாள். ரெய்னோ சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

"பாடுறான்" என்றார். முகம் முழுக்க வெளிச்சம். "பாடுறான்டி! மூச்சு வாங்குறதுகூடக் கேக்குது." கொஞ்ச நேரம் கழித்துப் புருவம் சுருங்கியது. "ஆமா, என் அக்கார்டியன் எங்க?"

"அதுவும் இருக்குமே."

"இல்லையே. அவன் மட்டும் அநாதையா பாடுறான். உன் பெட்டி என்னைத் தின்னுடுச்சு, எஞ்சினியரம்மா!"

எய்லா ஹெட்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள். இடது பக்கம் அக்கார்டியன் மணி மணியாகக் கேட்டது. திரும்ப அவரிடம் கொடுத்தால், இல்லை என்றார். ஒரு நேரம் வந்து ஒரு நேரம் வராத கோளாறைப் போல இந்தத் தொழிலில் வேறு சனியன் கிடையாது. மூன்று நாள் மேஜையை விட்டு எழவில்லை. இடது பக்கத்து முனைகள் அத்தனையையும் உருக்கிப் புதிதாக வைத்தாள். ஹெட்போன் சொருகும் துளையை மாற்றினாள். சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழை மாற்றினாள். ரெய்னோ கேட்டுவிட்டு மறுபடி உதட்டைப் பிதுக்கினார்.

கடைசியில் மானத்தை விட்டு கோர்டிக்குப் போன் போட்டாள்.

"ஏன் மண்டைய உடைச்சுக்கற?" என்றார் அவர். "ரெண்டு ஒயரையும் மாத்திச் சொருகு. கேசட்டுல கோளாறுன்னா அதே ஆள்தான் காணாமப் போவான். வேற ஆள் போனா, கோளாறு கேசட்டுல இல்ல, இந்தப் பக்கம்."

நேற்றுத் தொழிலுக்கு வந்தவனுக்கும் தெரிந்த சோதனை. எப்படி மறந்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, கேசட் பிளேயரிலிருந்து வரும் சிவப்பு ஒயரையும் வெள்ளை ஒயரையும் இடம் மாற்றினாள். இப்போது அக்கார்டியன் வலது காதுக்குப் போகும், குரல் இடது காதுக்கு. ரெய்னோவிடம் எதுவும் சொல்லவில்லை.

அவர் மாட்டிக்கொண்ட மாத்திரத்தில் சிரித்தார். "அட, நான் வந்துட்டேன்!" விரல்கள் மேஜை விளிம்பில் தாமாக ஓட ஆரம்பித்தன. விரல்கள் மெல்ல நின்றன.

"வெய்கோ எங்க?" என்றார். பிறகு, குரல் இறங்கி, "எய்லா, வெய்கோ எங்க போனான்?"

ஒயரை மாற்றியும் கோளாறு இருந்த பக்கத்திலேயே இருக்கிறது. அவள் காதுக்கு அதே பெட்டி இரண்டு பக்கமும் கொடுத்ததே. அது பெட்டியில் இல்லை, ஒயரில் இல்லை, ரெய்னோவின் இடது காதில் இருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் இடது பக்கத்து ஆளிடம் பேச உடம்போடு திரும்பும் பழக்கம், வலது காதைத் தலையணையில் வைத்துத் தூங்கும் நாட்களில் அலாரம் அடித்தும் எழாதது, நடனத்துக்குப் போகாதது, எல்லாம் அந்தக் காதால்தான். இரண்டு வருஷமாகத் தன் மேல் ஏதோ கோபம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்! ஊரில் எத்தனையோ சாலைச் சந்திப்புகளில் எந்த விளக்கு எரியவில்லை என்று தூரத்திலிருந்தே சொல்பவள், ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தவருடைய காதைப் பார்க்கவில்லையே.

ரெய்னோ ஹெட்போனைக் கழற்றி, ஒயரை நிதானமாகச் சுற்றினார். அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"கொண்டா இங்க" என்றாள் எய்லா. "என் தப்புதான். ஒரு ஒயரை விட்டுட்டேன்."

கோர்டி கேட்டால் நம்ப மாட்டார். எய்லா தன் தப்பு என்று ஒப்புக்கொண்டதை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. அவள் மூடியைத் திறந்தாள். நூறில் பொறுக்கி, அளந்து, ஒட்டாமல் உரசாமல் ஆறு வாரம் பிரித்துப் பிரித்து வைத்த இரண்டு பக்கங்களையும் பார்த்தாள். பிறகு உள்ளே பாட்டு நுழையும் இடத்தில் இரண்டு ரெசிஸ்டரையும் விரல்நீள ஒயர் ஒன்றையும் வைத்து, இடத்தையும் வலத்தையும் ஒன்றாகச் சேர்த்து சால்டர் வைத்தாள். இனி எந்தக் காதில் வைத்தாலும் எல்லாமே கேட்கும். மன்றத்தில் இதைக் காட்டினால் சிரிப்பார்கள். அவள் காட்டப்போவதும் இல்லை.

ரெய்னோ தயங்கித் தயங்கி மாட்டிக்கொண்டார். கேசட் சுற்றியது. முதல் வரி முடிவதற்குள் கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் ஈரம் இறங்கியது, துடைக்கவில்லை.

"ரெண்டு பேரும் இருக்கோம்" என்றார், ஹெட்போன் போட்டவர்கள் பேசுவதுபோல உரக்க. "எய்லா, ரெண்டு பேரும் இருக்கோம்!"

அவள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு அவருடைய இடது பக்கம் வந்து நின்றாள். அந்தப் பக்கத்து ஹெட்போனை மெல்ல விலக்கி, அந்தக் கேட்காத காதைத் தன் உள்ளங்கையால் மூடினாள். கேட்கவில்லை, கையை எடு என்று அவர் சொல்லவில்லை. கண்ணைத் திறக்காமலே தன் கையைத் தூக்கி அவள் கையின் மேல் வைத்து, இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டார்.