அரைநாள் மொழிபெயர்ப்பு

அந்த வேற்றுமொழி ஊரின் நீதிமன்றத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "தமிழம்மா வந்தாச்சா?" என்பார் குமாஸ்தா. தமிழ் தவிர வேறு எதுவும் தெரியாத ஒருவன் கூண்டில் நின்றால் பக்கத்தில் இவள் நிற்பாள். சொன்னதைச் சொன்னபடி சொல்லவேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் விடாது. "உன் தம்பி போன்ல என்ன சொன்னான்?" என்று கணவன் கேட்டால் இருமல் உட்பட ஒப்பிப்பாள். "சுருக்கமா சொல்லேன் தாயே" என்று அவர் கும்பிடுவார்.

அவளை அமர்த்துவது எப்போதும் அரைநாளுக்குத்தான். குற்றத்தை ஒத்துக்கொள்கிறவனுக்கு அதுவே அதிகம். ஒத்துக்கொள்ளாதவனுக்கு விசாரணை வேண்டும், முழுநாள் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அதற்குத் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை ஆள் உள்ளே. இதற்கு நீதி என்று பெயர் வைத்த புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அன்று வந்தவன் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். மேற்பார்வையாளரின் செல்போனைத் திருடினான் என்று வழக்கு. ஜாமீன் கொடுக்க உள்ளூர்க்காரர் யாரும் இல்லை. மனைவிக்கு நிறைமாதம்.

"ஒத்துக்கிட்டா இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம். இல்லைன்னா விசாரணை முடியறவரைக்கும் உள்ளதான்." வக்கீல் சொன்னதை அவள் தமிழில் சொன்னாள்.

"நான் எடுக்கலையேக்கா."

அதை வக்கீலிடம் சொன்னாள். "நான் அதைக் கேக்கலை. ஒத்துக்கறானா இல்லையா?" என்றார் அவர்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. நான் என்ன பண்ணட்டும்?" கூடப்பிறந்தவளிடம் கேட்பதுபோல் கேட்டான். அவள் அந்தக் கேள்வியையும் வக்கீலிடம்தான் மொழிபெயர்த்துச் சொன்னாள். வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரிக்கா, ஒத்துக்கறேன்."

கூண்டில் ஏறினான். குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார்.

"நான் எடுக்கலைங்க. பொண்டாட்டிக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்குங்க. வீட்டுக்கு விட்டுருவீங்கன்னா ஒத்துக்கறேங்க."

வக்கீல் அவளையே பார்த்தார். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடு என்ற பார்வை அது. அப்படி முடித்துவிடும் மொழிபெயர்ப்பாளர்கள் உண்டு, அவர்களுக்குத்தான் அடிக்கடி அழைப்பும் வரும். இவள் 'இன்னைக்கோ நாளைக்கோ'வைக்கூட விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். உண்மை நீதிபதியின் காதில் விழுந்துவிட்டது, இனி இவன் பிழைத்தான் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

"இது ஒப்புதல் ஆகாது. விசாரணைக்குத் தேதி போடுங்கள்" என்றார் நீதிபதி. சட்டப்படி ரொம்பச் சரி. காவலர் அவன் கையைப் பிடித்தார்.

"அவர்கிட்ட என்னக்கா சொன்னீங்க?"

"நீ சொன்னதைத்தான் தம்பி."

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "நீ ஒண்ணும் பொய் சொல்லலையே" என்றார் கணவன்.

"சொல்லியிருந்தா அவன் இந்நேரம் வீட்ல இருந்திருப்பான்."

இரண்டு வாரம் கழித்து அதே வழக்கை வக்கீல் மறுபடி எடுக்கவைத்தார். இதற்குள் குழந்தை பிறந்துவிட்டது என்று ஊரிலிருந்து வந்திருந்த அவன் மச்சான் வராந்தாவில் சொன்னான். அவள் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். நீதிபதி கேட்டார். அவள் அதைத் தமிழில் சொல்வதற்குள் அவனே பதில் சொல்லிவிட்டான், நீதிபதியின் மொழியில், மூச்சுவிடாமல்: "குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன். என் சொந்த விருப்பம். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை." உள்ளே யாரோ உருப்போட வைத்திருக்கிறார்கள். எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் முழித்திருப்பான். யாரும் கேட்கவில்லை. தன் சார்பில் ஒரு வார்த்தை பேச அவளுக்கும் அங்கே அனுமதி இல்லை. நீதிபதியின் முகம் மலர்ந்தது. உள்ளே இருந்த நாட்களே தண்டனை என்று அவனை விட்டுவிட்டார்கள். இனி எங்கே வேலை கேட்டுப் போனாலும் அவன் திருடன்.

வாசலில் அவன் தலைநிமிராமல் அவளைத் தாண்டிப் போனான். பின்னால் வந்த மச்சான்தான் நின்று கைகூப்பினான்.

"ரொம்ப நன்றிக்கா. நல்லவேளை, இன்னைக்கு நீங்க வாயே திறக்கலை."